நேட்டால் மூதாதையின் இறப்புப் பதிவு: பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொள்ளுத்தாத்தாவின் இறப்புப் பதிவைத் தேடுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: இன்றைய குடும்பப் பெயரை வைத்துத் தேடுகிறார்கள். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் இறங்கிய தமிழர் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம், இவ்வளவுதான் இருக்கும். பிறகு ஒரு மகன் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பார், அவர் தம்பி சாதிப் பெயரை ஒட்டிக்கொண்டிருப்பார். முதலியார் ‘மூட்லி’ ஆனதும், கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும் இப்படித்தான்.

குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். அதில் அதிகம் மாறுவது உயிரெழுத்து. முனுசாமி என்பதில் எம்-முக்குப் பிறகு ஒரு யூ வரலாம், இரண்டு ஓ வரலாம்; இரண்டாவது ‘உ’ விழுந்து ‘மூன்சாமி’ ஆகலாம். எனவே மெய்யெழுத்துகளை மட்டும் வைத்து, இடையிலும் கடைசியிலும் நட்சத்திரக் குறி போடுங்கள்: எம்*என்*எஸ்*எம்*. வம்சாவளிப் பதிவுகளைத் தேடும் ஃபேமிலிசர்ச் இணையதளம் இந்தக் குறியை ஏற்கும். முனியசாமிகளும் வந்து விழுவார்கள், கழித்துக்கொள்ளலாம். முதல் எழுத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கந்தசாமி கே-யிலும் இருப்பார், சி-யிலும் இருப்பார். வீரப்பன் வி-யில் இல்லையென்றால் டபிள்யூ-வில் பாருங்கள்.

எழுத்து எப்படிப் புரண்டாலும் மாறாதது காலனிய எண். வந்திறங்கியவர் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. இந்தியக் கூலிகளின் விவகாரங்களைக் கவனித்த குடியேறிகள் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகத்துத் தாள்களில் ஆளை அடையாளம் காட்டியது அதுதான். வீட்டுப் பெட்டியில் பழைய திருமணச் சான்றோ பிள்ளையின் பிறப்புச் சான்றோ இருந்தால் முதலில் அதில் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இறந்தவருக்குச் சொத்து இருந்திருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தின் எஸ்டேட் கோப்புகளில் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து பற்றியவை) இறப்பு அறிவிப்புப் படிவம் இருக்கலாம். பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயரெல்லாம் அதில் வரும். அவர் கோப்பு கிடைக்காவிட்டால் மனைவி, மகன் கோப்புகளை எடுங்கள். அவர்கள் படிவத்திலும் இவர் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு.

பெயர் ஒன்றுதானே என்று அவசரப்பட்டு யாரையும் குடும்ப மரத்தில் ஏற்றிவிடாதீர்கள். ராமசாமிகளுக்குப் பஞ்சமே இல்லை. வயது குத்துமதிப்பு, பத்து வருஷம் கூடக் குறைய இருக்கும். தகப்பன் பெயரும் ஊரும் பொருந்தவேண்டும், எண் பொருந்தினால் உறுதி.

எல்லாம் பார்த்தும் இல்லையா? அவர் நேட்டாலில் இறந்திருக்கவே மாட்டார் என்பதும் நடக்கக்கூடியதுதான். ஒப்பந்தம் முடிந்து சென்னைக்குக் கப்பலேறியவர்கள் பலர். 1927-க்குப் பிறகு அரசு கொடுத்த ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு திரும்பியவர்களும் உண்டு. அந்த நிலையில் அடுத்துப் பார்க்கவேண்டியது திரும்பிய கப்பல்களின் பட்டியல், அதுவும் எண்ணை வைத்து.