தேடுகிறவர் கண்ணில் கடை எப்படிப் படுகிறது?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் அக்கா ஒருவர் சாறிச் சட்டை தைக்கிறார். ஒருமுறை அவரிடம் தைத்தவர்கள் பிறகு வேறு கடைப்படி ஏறுவதில்லை. போன மாதம் என்னைக் கண்டதும் கேட்டார்: "தம்பி, நேற்று வந்த கடையெல்லாம் கூகுளிலை வருது. என்ர கடை மட்டும் ஏன் வருதில்லை?"

துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுத்திருந்தார். முகநூலில் படம் படமாகப் போட்டிருந்தார். பல வருடங்களுக்கு முன் ஓர் அச்சகம் செய்துகொடுத்த ஒற்றைப் பக்க இணையத்தளமும் இருந்தது. இவ்வளவு இருந்தும் ஏன் வருவதில்லை என்று அவர் கேட்டது நியாயம்தான்.

துண்டுப்பிரசுரம், கடை போய் ஆளைத் தேடும் வழி. நூறு பேரிடம் கொடுத்தால் அன்றைக்குச் சட்டை தைக்க வேண்டியவர் அதில் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். தேவை வந்தவர் தானாகக் கடையைத் தேடி வருவது இன்னொரு வழி. 2006இல் அமெரிக்காவில் ஹப்ஸ்பொட் என்ற மார்க்கெட்டிங் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய பிரையன் ஹாலிகனும் தர்மேஷ் ஷாவும் இதற்கு 'இன்பவுண்ட் மார்க்கெட்டிங்' என்ற பெயரைப் பரப்பினார்கள். பெயர் புதிதாக இருந்தாலும் செட்டியார் தெரு நகைக்கடைக்காரருக்கு இது பழகிய வியாபாரம். தாலிக்கொடி செய்ய நினைத்த குடும்பத்தை யாரும் கூவி அழைப்பதில்லை. அவர்களாகவே அந்தத் தெருவுக்குப் போகிறார்கள். இணையத்தில் அந்தத் தெருவின் வேலையைச் செய்வது தேடுபொறி.

சரி, அது எப்படி வேலை செய்கிறது? 'சாறி சட்டை தையல் வெள்ளவத்தை' என்று ஒருவர் தட்டியவுடன் கூகுள் இணையம் முழுவதும் ஓடித் தேடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். கண்மூடித் திறப்பதற்குள் அதைச் செய்து முடிக்க எந்தக் கணினியாலும் முடியாது. வாசிக்கும் வேலை முன்கூட்டியே முடிந்திருக்கும். கிரோலர் என்ற மென்பொருள் ஒரு பக்கத்தில் உள்ள லிங்கைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போய், அங்கிருந்து அதற்கடுத்ததற்குப் போய், இரவு பகலாகப் பக்கங்களை வாசித்தபடியே இருக்கிறது. வாசித்ததை, பாடப்புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போலத் தலைகீழாக எழுதி வைக்கிறது. 'தையல்' என்ற சொல்லுக்கு எதிரே 3, 17, 42ஆம் பக்கங்கள். 'வெள்ளவத்தை' என்பதற்கு எதிரே 17, 42, 90 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சொல்லையும் சேர்த்துத் தட்டினால் இரண்டு வரிசையிலும் உள்ள 17உம் 42உம் மட்டும் மேலே வரும். கோடிக்கணக்கான பக்கங்கள் இருந்தாலும் செய்வது இதே வேலைதான்.

அக்காவின் இணையத்தளத்தை இதை மனதில் வைத்துத் திறந்து பார்த்தேன். விலைப்பட்டியல் முழுவதும் ஒரே படம். படத்தில் உள்ள எழுத்தையும் இப்போதைய தேடுபொறிகள் ஓரளவு வாசிக்கும், ஆனால் அதை நம்பிக் கடை நடத்த முடியாது. மிச்சம் இருந்த எழுத்து பாமினி எழுத்துருவில் இருந்தது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களின் எத்தனையோ பழைய பக்கங்கள் இதனால்தான் கண்ணில் படாமல் கிடக்கின்றன. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டும் எழுத்துரு. திரையில் நமக்கு 'அம்மா' என்று தெரியும். கணினியின் வயிற்றுக்குள் இருப்பதோ நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். தேடுபொறி வாசிப்பது வயிற்றுக்குள் இருப்பதை. 1991இல் வந்த யூனிகோட் முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உண்டு. அக்காவின் பக்கம் 'தையல்' என்ற சொல்லின் வரிசையில் இத்தனை வருடமாக இல்லவே இல்லை.

அப்புறம் சொற்கள். தலைப்பில் 'மகளிர் ஆடை வடிவமைப்பகம்' என்று அழகாக எழுதியிருந்தார்கள். யார் அப்படித் தேடுவார்கள்? கொழும்பில் ஒருவர் சாறி என்பார், ஒருவர் சாரி, இன்னொருவர் சேலை. சட்டை என்றும் பிளவுஸ் என்றும் சொல்வார்கள். பாதிப் பேர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், சிங்களத்தில் தேடி வருபவர்களும் உண்டு. 2019 முதல் கூகுள் பேர்ட் என்ற மொழி மாதிரியைத் தேடலில் பயன்படுத்துகிறது. சொல் மாறினாலும் பொருளைப் பிடிப்பதில் அது கெட்டிக்காரன்தான். அதற்காகத் தேடுகிறவர் ஒரு பாஷையும் கடை வேறொரு பாஷையும் பேச வேண்டியதில்லை. அக்காவின் வாட்ஸ்அப்பைத் திறந்து, வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் எழுதிய சொற்களிலேயே ஒரு கொப்பியில் எழுதினோம். 'லைனிங் வச்சு எவ்வளவு', 'அளவுச் சட்டை கொண்டு வரணுமா', 'எத்தனை நாள் எடுக்கும்'. இதைவிட நல்ல விளம்பர வாசகம் எனக்கு எழுதத் தெரியாது.

சொல் பொருந்திய பக்கங்களில் எது முதலில் வரும்? 1998இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் பேஜ்ரேங்க் என்ற வழியை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுக்கின்றன, கொடுக்கிற பக்கங்களுக்கு என்ன மதிப்பு என்று பார்க்கும் முறை அது. நாலு நல்ல மனிதர் சொன்னால் நம்புகிறோம் அல்லவா, அதைக் கணக்காக்கினார்கள். ஊர்க்கடைகளுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றும் சேரும் என்று கூகுளே சொல்கிறது. அதனால்தான் ஒரே தேடலுக்குக் கொட்டாஞ்சேனையில் நின்றால் ஒரு பட்டியலும் வெள்ளவத்தையில் நின்றால் இன்னொரு பட்டியலும் வருகின்றன. அக்காவின் கடை மேப்பில் இருக்கவே இல்லை. தூரத்தை எங்கிருந்து அளப்பது?

"காசு குடுத்தால் மேலை போடுவாங்களாமே" என்றார் அக்கா. போடுவார்கள், ஆனால் கூடக் கொடுத்தவர்தான் மேலே என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு சின்ன ஏலம் நடக்கிறது. புரிவதற்காக நானே எண்கள் வைக்கிறேன். ஒரு கிளிக்குக்கு 60 ரூபாய் தருவதாக முதல் கடை ஏலம் கேட்கிறது, அதன் விளம்பரத் தரம் 4. தரம் என்பது, அந்த விளம்பரம் தேடியவருக்கு எவ்வளவு பயன்படும் என்று பார்த்துக் கூகுள் போடும் மதிப்பெண். இரண்டாவது 40 ரூபாய், தரம் 8. மூன்றாவது 30 ரூபாய், தரம் 5. பெருக்கினால் 240, 320, 150. நாற்பது கேட்டவர்தான் முதலிடம்! அவர் நாற்பதும் கட்டத் தேவையில்லை. தனக்கு அடுத்தவரின் 240ஐத் தாண்டினால் போதும், 240ஐ 8ஆல் வகுத்தால் 30 ரூபாய் சொச்சம். அறுபது கேட்டவருக்கு 150ஐ 4ஆல் வகுத்து 37 ரூபாய் 50 சதத்துக்கு மேல். இரண்டாமிடத்துக்குக் கூடுதல் காசு. உண்மையான கணக்கில் இன்னும் பல விஷயங்கள் சேரும், அடித்தளம் இதுதான். அடுத்தவர் கேட்ட விலையை வென்றவர் கட்டும் இந்த ஏல முறையை 1961இல் ஆராய்ந்து எழுதியவர் வில்லியம் விக்ரி. 1996இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். தேடியவருக்குப் பயன்படாத விளம்பரத்துக்கு இங்கே அபராதம் உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அக்கா விளம்பரத்துக்கு இன்னும் காசு போடவில்லை. கடையை மேப்பில் போட்டோம். பழைய பக்கத்தை யூனிகோடில் மறுபடி தட்டினேன். தலைப்பு 'வெள்ளவத்தையில் சாறிச் சட்டை தையல்'. கீழே கொப்பியிலிருந்த கேள்விகள். 'எத்தனை நாள் எடுக்கும்' என்பதில் நிறுத்தி, என்ன போடட்டும் என்று கேட்டேன். கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு யோசித்தார்.

"சும்மா நாளிலை ஒரு கிழமை. ஆவணிக் கலியாணம் எண்டால் ஒரு மாசம் முந்தித் தரச் சொல்லு. அப்பிடியே எழுது தம்பி."

அப்படியே எழுதினேன்.