சைட்டேஷன் எண்ணைப் பார்த்து மருந்து வாங்கலாமா?

நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கும் மாத்திரை, பொடி விளம்பரங்களில் இப்போதெல்லாம் ஒரு விஞ்ஞானியின் படமும் இருக்கிறது. கூடவே, இத்தனை ஆய்வுக்கட்டுரைகள், இத்தனை ஆயிரம் சைட்டேஷன் என்று ஒரு வரி. "இவர் பெரிய ஆள்தானே, வாங்கலாமா?" என்று தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. நோயெதிர்ப்பியல் என் தொழில் என்பதால் என்னிடம் வருகிறார்கள். பெரிய ஆளாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது.

சைட்டேஷன், அதாவது மேற்கோள் என்றால், பிற கட்டுரைகள் இந்தக் கட்டுரையைக் குறிப்பிட்ட எண்ணிக்கை. அவ்வளவுதான். பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஒன்று, மறுத்துக் குறிப்பிட்டாலும் ஒன்று. தட்டம்மை முதலியவற்றுக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட, வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரின் 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. லான்செட் இதழ் 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது. அது தவறு என்று எழுதியவர்களும் அதைக் குறிப்பிட்டுத்தானே எழுத வேண்டும்? அதனால் அதன் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

எச்-இண்டெக்ஸ் என்று இன்னொன்று உண்டு. 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. ஒருவருக்கு அது 40 என்றால், தலா 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 40 இருக்கின்றன என்று பொருள். வயது ஏற ஏற அது கூடும், வேலையை விட்டுவிட்டாலும் குறையாது. ஆய்வுக்கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளம் ஆய்வேடுகளையும் இதழில் வராத முன்பதிப்புகளையும்கூடச் சேர்த்துக்கொள்வதால், அங்கே பெரும்பாலும் எல்லாருக்கும் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தைவிட எண் பெரிதாகத் தெரியும். விளம்பரத்தில் எந்த எண் போடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதற்காக மேற்கோள் என்பதும் முக்கியம். புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்க லவ்ரி 1951-ல் எழுதிய முறை 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது. அது ஒரு கருவி மாதிரி, எல்லா ஆய்வகத்திலும் பயன்பட்டது. பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் ரிவ்யூ கட்டுரைகளும் பொதுவாக அதிகம் குறிப்பிடப்படும். நூறு பேர் கையெழுத்திட்ட கட்டுரை என்றால் நூறு பேர் கணக்கிலும் மேற்கோள் முழுசாக ஏறும். (பாலி மாட்சிங்கர் என்ற நோயெதிர்ப்பியலாளர் 1978-ல் தன் நாயின் பெயரை இணை ஆசிரியராகப் போட்டு ஒரு நல்ல இதழிலேயே கட்டுரை வெளியிட்டார். கணக்குப் பார்த்தால் அந்த நாய்க்கும் சைட்டேஷன் உண்டு.)

எண் சிறியது என்பதற்காக வேலை சிறியது என்றும் ஆகாது. எங்கள் துறையில் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ப்ரூஸ் க்ளிக். கோழியின் வால் பக்கம் உள்ள பர்ஸா என்ற உறுப்பு எதற்கு என்று பார்க்க, அவர் சில கோழிகளிடமிருந்து அதை வெட்டி எடுத்திருந்தார். கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதமான ஆன்டிபாடி உருவாவதை மாணவர்களுக்குக் காட்ட சாங் என்ற நண்பர் அந்தக் கோழிகளை வாங்கிப்போய் ஊசி போட்டார். ஆன்டிபாடி வரவில்லை. சயின்ஸ் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட, 1956-ல் அது பௌல்ட்ரி சயின்ஸ் என்ற கோழி வளர்ப்பு இதழில் வந்தது. நோயெதிர்ப்பியலாளர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் இல்லை. சில வருடங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆன்டிபாடியை உருவாக்கும் செல்லை இன்று பி செல் என்று சொல்கிறோமே, அந்த 'பி' பர்ஸாவிலிருந்து வந்தது. பின்னால் கோவிட் தடுப்பூசிக்கு உதவிய எம்ஆர்என்ஏ பற்றி கரிக்கோ, வைஸ்மன் என்ற விஞ்ஞானிகள் 2005-ல் எழுதியதையும் அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2023-ல் அதற்கு நோபல்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் முதலில் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் விளம்பரத்தில் வரும் விஞ்ஞானியின் பெயரைத் தேடி, அவர் முதல் ஆசிரியராகவோ கடைசி ஆசிரியராகவோ இருக்கும் சில கட்டுரைகளை மட்டும் எடுப்பேன். எங்கள் துறையில் வேலையைச் செய்தவர் பெயர் பெரும்பாலும் முதலிலும், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியிலும் வரும். வேறு ஆய்வகம் அதே முடிவைக் கண்டதா, கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்ப்பேன். 2023-ல் மட்டும் உலக அளவில் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டதால், இது வீண் சந்தேகம் இல்லை.

அப்புறம் அந்த மாத்திரையில் உள்ள பொருளின் பெயரைத் தேடுவேன். பல சமயம் கிடைப்பது எலியிலோ, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லிலோ செய்த சோதனைதான். மனிதர்களிடம் செய்த சோதனை இருந்தால், பணம் கொடுத்தது யார் என்று கட்டுரையின் கடைசியில் எழுதியிருப்பார்கள். அந்தச் சின்ன எழுத்தைப் படித்த பிறகுதான் கேட்டவருக்குப் பதில் சொல்வேன்.