சம்மட்டி தொடாமல் கழலும் புரொப்பல்லர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகளுக்கு மராமத்து நடக்கும். அதில் ரொம்பவே முரண்டு பிடிக்கும் வேலை, படகைத் தள்ளும் சுழல்விசிறியான புரொப்பல்லரைக் கழற்றுவது.

புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டின் முனை கூம்பாக இருக்கும். புரொப்பல்லரின் நடுக்குடம் அதில் ஆப்பு அடித்த மாதிரி இறுகியிருக்கும். உப்புத் தண்ணீர் புகுந்து துருப்பிடித்துவிட்டால் இன்னும் மோசம். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். சம்மட்டியால் அடித்தால் புரொப்பல்லரின் இலை வளையும், அதிர்ச்சி கியர்பாக்ஸ் பேரிங் வரைக்கும் போகும்.

இதை இழுத்துக் கழற்றக் கடையில் வாங்கும் புல்லர் என்ற கருவியின் கொக்கி, குடத்துக்கு முன்னால் இருக்கும் ஒடுங்கிய சந்தில் பல சமயம் நுழையாது. சரி, படகுக்குத் தகுந்தபடி நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். கனமான இரும்புத் தகடு இரண்டு போதும். ஒன்றை ‘ப’ வடிவில் வெட்டி அந்தச் சந்தில் ஷாஃப்ட்டின் மேல் சொருக வேண்டும். மற்றது ஷாஃப்ட் முனைக்கு வெளியே நிற்கும். மூன்று இலை என்றால், இலைகளுக்கு நடுவே மூன்று நீள போல்ட்டுகள் இரண்டையும் பிணைக்கும். வெளித்தகட்டின் நடுவில் ஒரு நட்டை வெல்டிங் செய்து, அதில் ஓடும் போல்ட்டால் ஷாஃப்ட் முனையைத் தள்ள வேண்டும்.

பலமெல்லாம் மரையில்தான். 16 மி.மீ. போல்ட்டு ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகரும். 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியோ அதே சுற்றில் 188 செ.மீ. போய்விடும். 940 மடங்கு! கை கொடுக்கும் 20 கிலோ, கணக்குப்படி கிட்டத்தட்ட 19 டன் ஆக வேண்டும். உராய்வு அதில் பத்தில் ஒன்பது பங்கைத் தின்றாலும் 2 டன் மிஞ்சும். போல்ட்டு நுனியில் சின்னக் குழி போட்டு, கிரீஸ் தடவி, பழைய பேரிங் குண்டு ஒன்றை வைத்தால் இழுக்கும் பலம் இன்னும் கூடும். முனை தேய்ந்து திரும்புவதில் வீணாகும் பலத்தை அந்தக் குண்டு மீட்டுத் தருகிறது. இந்தக் கருவியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

தகடு மெலிந்தால் வளையும். கனத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

அப்படியும் அசையவில்லையா? குடத்தின் மேல் மட்டும் கொதிநீரை ஊற்ற வேண்டும். இரும்பு ஷாஃப்ட்டைவிட வெண்கலக் குடம் சூட்டில் அதிகம் விரியும். ஷாஃப்ட் சூடேறுவதற்குள் ஒரு மயிரிழை இடைவெளி கிடைத்துவிடும்.

புரொப்பல்லரை ஷாஃப்ட்டில் பிடித்திருக்கும் நட்டை மட்டும் முழுசாகக் கழற்றிவிடக் கூடாது. சில மரை தளர்த்தி அப்படியே விட வேண்டும். கூம்பு என்பதால் ஒரு மயிரிழை நகர்ந்தாலே மொத்தப் பிடியும் விட்டுவிடும். ‘டொப்’பென்று சத்தம் கேட்கும்போது, பாய்ந்து வரும் புரொப்பல்லரைத் தடுத்து நிறுத்துவது அந்த நட்டுதான்.