ஒரு குழு மின்னஞ்சல், மூன்று முகவரிகள்

2012 நவம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கட்டண அலுவலகம் மாணவர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது: வரிப் படிவத்தைக் காகிதத்தில் வாங்காமல் மின்வடிவில் பெற்றுக்கொள்ளலாம் என்று. ஒரு மாணவர் அதைத் தன் அம்மாவுக்கு அனுப்ப நினைத்து, 'அனைவருக்கும் பதில்' பொத்தானை அழுத்திவிட்டார். ஏறத்தாழ 40,000 பேருக்கு அது போய்ச் சேர்ந்தது. 'அட, நாமும் எல்லாருக்கும் அனுப்பலாம் போலிருக்கிறதே' என்று மற்ற மாணவர்கள் கண்டுகொண்டதும் படங்களும் கேள்விகளும் வந்து குவிந்தன.

இதை நினைவுபடுத்தியது கல்லூரி ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி. "துறைக்கு ஒரு குழு முகவரி உருவாக்கச் சொல்கிறார்கள். மாற்றுப்பெயர், பொது இன்பாக்ஸ், அறிவிப்புக் குழு, விவாதக் குழு என்று ஏகப்பட்ட தேர்வுகள். எதை எடுப்பது?"

பெயர்களை விட்டுவிடுவோம். ஒரு குழு அஞ்சலில் திரும்பி வருவதற்கான முகவரிகள் மூன்று இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தெரிந்தால் தேர்வு தானாக முடிந்துவிடும்.

சர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றும் முறையை 1982-இல் இணைய முன்னோடி ஜான் போஸ்டல் வரையறுத்தார். ஒரு சர்வர் இன்னொன்றை அழைத்து முதலில் 'மெயில் ஃப்ரம்' என்று ஒரு முகவரி சொல்லும். 'ஆர்சிபிடி டூ' என்று பெறுநர் முகவரி சொல்லும். அப்புறம் 'டேட்டா' என்று அறிவித்துவிட்டு அஞ்சலை ஒப்படைக்கும். அந்த அஞ்சலுக்குள்ளும் 'ஃப்ரம்', 'டூ' என்ற வரிகள் உண்டு. நம் கண்ணில் படுவது இவைதான். முதலில் சொன்னவை தபால் உறைமேல் எழுதியவை போல, பின்னவை உள்ளே இருக்கும் கடிதத்தின் தலைப்பு போல. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 40,000 பேர் கொண்ட குழு இயங்குவதே இதனால்தான்: கடிதத்தில் 'டூ' என்ற இடத்தில் குழுவின் ஒரே முகவரி, உறைகளில் மட்டும் வெவ்வேறு ஆட்கள். பதில் எழுதுபவருக்குக் கண்ணில் படுவது ஒரு முகவரி என்பதால், பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தெரிவதே இல்லை.

ஆக மூன்று முகவரிகள்: உறைமேல் உள்ள அனுப்புநர், கடிதத்தில் உள்ள 'ஃப்ரம்', அதோடு விருப்பப்பட்டால், பதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் 'ரிப்ளை டூ'. மாற்றுப்பெயர் என்பது உறைமேல் உள்ள அனுப்புநரைத் தொடாமல் அப்படியே கடத்திவிடுவது. உண்மையான குழு, உறைமேல் உள்ள அனுப்புநரை அழித்துவிட்டுத் தன் முகவரியை எழுதிக்கொள்ளும். அப்படி மாற்றியே ஆக வேண்டும் என்று 1989-லேயே இணைய நெறிமுறை ஆவணங்கள் விதித்துவிட்டன. காரணம், சேர முடியாத அஞ்சல் திரும்பும்போது உறைமேல் உள்ள முகவரிக்குத்தான் வரும். மாற்றாவிட்டால், படிப்பு முடித்துப் போன மாணவர்களின் செத்துப்போன முகவரிகளிலிருந்து வரும் அத்தனை 'சேரவில்லை' செய்திகளும், ஒரு கருத்தரங்கு அறிவிப்பை அனுப்பிய பாவத்துக்காக ஓர் ஆசிரியரின் இன்பாக்ஸில் விழும். 'விடுப்பில் இருக்கிறேன்' என்ற தானியங்கிப் பதிலும் முறைப்படி உறைமேல் உள்ள முகவரிக்கே போக வேண்டும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் வருகிறது. திரும்பி வந்த செய்தியைப் படித்து, செத்துப்போன முகவரி எது என்று குழு மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு விதமாக எழுதும். சிலவற்றில் முகவரியே இருக்காது. ஒருவர் தன் அஞ்சலை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டிருந்தால் அந்த வேறு முகவரிதான் இருக்கும். 1990-களில் கணிதவியலாளர் டேனியல் பெர்ன்ஸ்டீன் இதற்குச் சொன்ன தீர்வு: அந்தச் செய்தியைப் படிக்கவே வேண்டாம். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தனித் திரும்பு முகவரி எழுது. (சேராமல் திரும்பும் அஞ்சலுக்கு 'பவுன்ஸ்' என்று பெயர்.) மாலாவுக்குப் போகும் உறையில் 'துறை-பவுன்ஸ்+மாலா=அஞ்சல்.காம்' என்று தொடங்கும் முகவரி; ரஹீமுக்குப் போவதில் 'துறை-பவுன்ஸ்+ரஹீம்=அஞ்சல்.காம்'. திரும்பி வந்தது எதுவானாலும், உள்ளே எந்த மொழியில் என்ன எழுதியிருந்தாலும், அது வந்து விழுந்த முகவரியே யாருடையது என்று சொல்லிவிடும். கேள்வியின் வடிவத்திலேயே பதிலை வைத்து அனுப்புகிற இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் அழகாகத்தான் இருக்கிறது. மெயில்மேன் போன்ற குழு மென்பொருள்கள் இப்படித் திரும்பியவற்றை எண்ணி, தொடர்ந்து திரும்பும் முகவரிகளைத் தாமே நிறுத்திவைக்கும்.

இதே எண்ணிக்கை 2014 ஏப்ரலில் அப்பாவிகளைப் பதம் பார்த்தது. போலி அஞ்சல்களைத் தடுக்க யாகூ ஒரு கொள்கையை அறிவித்தது: கடிதத்தின் 'ஃப்ரம்' வரியில் யாகூ முகவரி இருந்தால், அது யாகூவிலிருந்து வந்ததாக உறுதிப்பட வேண்டும், இல்லையேல் நிராகரியுங்கள். குழு அனுப்பும் அஞ்சலோ உறைமேல் குழுவின் முகவரியைத் தாங்கி வருகிறது. யாகூ போட்ட மின்கையொப்பமாவது மிஞ்சுமா என்றால், தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் இரண்டு வரியையும் மென்பொருள் சேர்த்ததும் அதுவும் உடைந்துபோகும். ஒரு யாகூ உறுப்பினர் எழுதினார்; ஜிமெயில் உறுப்பினர்களின் சர்வர் நிராகரித்தது; குழு அதை ஜிமெயில்காரர்களின் கணக்கில் பவுன்ஸ் என்று எழுதி, அவர்களை நிறுத்திவைத்தது. இன்று பல குழுக்களில் அனுப்பியவர் பெயரோடு 'குழு வழியாக' என்று சேர்ந்து வருவது, 'ஃப்ரம்' வரியையும் குழுவே எடுத்துக்கொள்ளும் அந்தக் காலத்துத் தீர்வு.

சரி, அந்த ஆசிரியைக்கு என் பதில். பத்துப் பேர் கொண்ட உள்வட்டத்துக்கு மாற்றுப்பெயர் போதும், எல்லாரும் ஒரே சர்வரில் இருந்தால். மாணவர் சந்தேகம் கேட்கும் அலுவலக முகவரிக்கு, ஊழியர் பலர் சேர்ந்து திறக்கும் பொது இன்பாக்ஸ். யார் பதில் சொன்னார்கள் என்பது மற்ற ஊழியர்களுக்குத் தெரியும். மாணவர் அனைவருக்குமான முகவரி அறிவிப்புக் குழுவாக மட்டுமே இருக்கட்டும்: அனுப்பும் உரிமை இரண்டு மூன்று பேருக்கு, 'ரிப்ளை டூ' அலுவலகத்துக்கு. நியூயார்க்கில் நடந்தது இந்த ஒரு பூட்டு இல்லாததால்தான். விவாதக் குழுவில் பதில் குழுவுக்கா, எழுதியவருக்கா என்பது பழைய சண்டை. நான் எழுதியவர் பக்கம். எல்லாருக்கும் போக வேண்டியது ஒருவருக்குப் போனால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். ஒருவருக்கு எழுதிய மதிப்பெண் விவரமோ உடல்நலக் குறிப்போ எல்லாருக்கும் போனால் திரும்பப் பெற வழியே இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். குழு அஞ்சலைத் தானியங்கியாக்கிய லிஸ்ட்செர்வ் மென்பொருளை 1986-இல் எழுதிய எரிக் தோமா அப்போது பாரிஸில் ஒரு மாணவர். இந்தத் துறை வளர்ந்ததே பல்கலைக்கழகக் கணினி மையங்களில்தான். இப்போது அஞ்சலைப் பெருநிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டு, அதைக் கவனிக்கும் பணியிடத்தையும் ஒழித்துவிடுகிறார்கள். கல்வி நிறுவனங்களுக்குத் தந்த வரம்பில்லாச் சேமிப்பிடத்தை, நிறுவனம் முழுவதற்கும் அடிப்படையாக 100 டெராபைட் என்று சுருக்கப்போவதாக 2021-இல் கூகுள் அறிவித்தபோது, பல இடங்களில் என்ன எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளே இல்லை. அஞ்சல் சர்வர் எங்கே இருந்தாலும் சரி, அதைப் புரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள்.

குழுவை உருவாக்கியதும் ஒரு சோதனை: இல்லாத முகவரி ஒன்றை உறுப்பினராகச் சேர்த்துவிட்டு ஒரு அஞ்சல் அனுப்புங்கள். 'சேரவில்லை' செய்தி உங்கள் இன்பாக்ஸுக்கு வந்தால், அது வெறும் மாற்றுப்பெயர்தான். வராவிட்டால், உங்களுக்கு வந்த பிரதியின் மூல வடிவத்தைத் திறந்து, உறைமேல் இருந்த அனுப்புநர் முகவரி பதிவாகும் 'ரிட்டர்ன் பாத்' வரியைப் பாருங்கள். அங்கே குழுவின் முகவரி இருந்தால் உறுப்பினர்களைச் சேர்க்கத் தொடங்கலாம்.