20 மெகாபிக்சலா, 10 மெகாபிக்சலா?

அரூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஊர் ஊராகப் போய் நடுகல் படம் எடுக்கிறேன். புதர் நிழலில் இருக்கும் கல்லைப் போனில் எடுத்தால் மெழுகு பூசினாற்போல் எழுத்தே தெரியாமல் வருகிறது. கையிலிருக்கும் பணத்துக்குப் புதிதாக ஒரு 20 மெகாபிக்சல், 40 மடங்கு ஜூம் கேமரா வரும். இல்லையென்றால் தர்மபுரியில் ஒரு கடையில் பழைய கேனான் எஸ்95 இருக்கிறது, ஆனால் அது 10 மெகாபிக்சல்தான். எதை வாங்கட்டும்?"

பழையதை. ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

லென்ஸ் வழியாக வரும் ஒளி சிலிக்கான் சில்லில் விழுகிறது, ஃபோட்டான் என்ற ஒளித்துகள் எலக்ட்ரானைக் கிளப்புகிறது, சில்லின் ஒவ்வொரு நுண்ணிய கட்டத்திலும், அதாவது பிக்சலிலும், சேர்ந்த எலக்ட்ரான்களை எண்ணிக் கேமரா படமாக்குகிறது. இதுவரை பள்ளிப் பாடம். ஆனால் அந்த ஃபோட்டான்கள் வரிசையில் நின்று சீராக வருவதில்லை. தொப்பூர் கணவாய்க்கு மேலே ரோட்டோரம் உட்கார்ந்து நிமிடத்துக்கு எத்தனை லாரி போகிறது என்று எண்ணுங்கள். சராசரி 9 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் 6 போகும், அடுத்த நிமிடம் 12, அப்புறம் 8. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருகிற எதை எண்ணினாலும் இப்படித்தான் ஆடும், அந்த ஆட்டத்தின் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலம். 9க்கு 3, 100க்கு 10, 10,000க்கு 100. அதாவது எண்ணிக்கை கூடக் கூட ஆட்டமும் கூடுகிறது, ஆனால் சதவீதத்தில் பார்த்தால் 33, 10, 1 என்று சடசடவென இறங்குகிறது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

இப்போது நிழலில் நிற்கும் கல்லுக்கு வருவோம். பிக்சலுக்குச் சராசரி 100 ஃபோட்டான் என்றால், ஒரே சாம்பல் நிறப் பரப்பில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 91, 108, 97 என்று எண்ணும். படத்தில் பொரிப்பொரியாகத் தெரிவது இதுதான், இரைச்சல் என்பார்கள். இதற்குக் கேமரா கம்பெனியைத் திட்டிப் பயனில்லை, எவ்வளவு ஒழுங்கான கேமராவிலும் இது வரும், ஏனென்றால் ஆட்டம் ஒளியிலேயே இருக்கிறது. கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் அந்தப் பொரியை வழித்துவிடப் பார்க்கும். அதற்குப் பொரி எது, தேய்ந்துபோன வட்டெழுத்தின் கோடு எது என்று தெரியாது; இரண்டையும் சேர்த்து வழித்துவிடும். டீச்சர் சொன்ன மெழுகுப் பூச்சு அங்கேதான் வருகிறது.

ஆகவே கேட்க வேண்டியது எத்தனை ஃபோட்டான் கிடைக்கும் என்பதை. 40 மடங்கு ஜூம் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது சுமார் 6.2 x 4.6 மி.மீ. சென்சார் (ஒளி விழும் அந்தச் சில்லுதான்), 28 சதுர மி.மீ. வாக்கில். எஸ்95இல் 7.4 x 5.6, அதாவது 41. ஒன்றரை மடங்கு. லென்ஸ் எஸ்95இல் எஃப்2 வரை திறக்கும், மற்றது எஃப்3.3 வாக்கில் நிற்கும்; எஃப் எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிது. வர்க்கம் போட்டுப் பார்த்தால் 2.7 மடங்கு. பெருக்கினால் நான்கு மடங்கு ஒளி, இரைச்சல் விகிதம் பாதி. புதிய சென்சார்கள் விழுகிற ஒளியில் கூடுதல் பங்கைப் பிடிக்கும் என்பது உண்மை, அதில் கொஞ்சம் ஈடாகும், முழுக்க ஆகாது. 20 மெகாபிக்சல் என்பது அதே சின்ன நிலத்தைக் கூடுதல் மனைகளாகப் போடுவதுதான். கேனானே 2008இல் தன் ஜி10 கேமராவில் 14.7 மெகாபிக்சல் வைத்து, 2009இல் அடுத்து வந்த ஜி11இல் 10க்கு இறக்கியது. அந்த 40 மடங்கு ஜூமை முழுக்க நீட்டினால் எஃப்6.9 வாக்கில் போகும், அங்கே ஒளியின் விளிம்பு விளைவால் ஒரு புள்ளியே 9 மைக்ரான் (மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரான்) அகலத்துக்கு விரியும், பிக்சலோ 1.2 மைக்ரான். அத்தனை மெகாபிக்சலும் வீண்.

எஸ்95இல் இருப்பது சிசிடி என்ற வகைச் சென்சார். 1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் நினைவகம் செய்யப் போய்க் கண்டுபிடித்தது, 2009இல் நோபல் வாங்கியது. உடனே பலனைக் காட்டு என்று கேட்டே நிதி கொடுக்கும் நம் ஆட்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

அப்புறம், ஃபிளாஷ் வேண்டாம். இந்த மாதிரிச் சின்னக் காம்பாக்ட் கேமராவில் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் ஒளி நேராக அடித்து எழுத்தின் பள்ளத்து நிழலை அழித்துவிடும். லென்ஸுக்கு முன்னால் பறக்கும் தூசியும் பளீரென்று, ஃபோகஸ் இல்லாமல், வெள்ளை வட்டமாக விழும். வீரனின் ஆவி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்களில் பல இதுதான், தூசிக்கு இவ்வளவு பக்தி தேவையில்லை. எழுத்தில் சாக்பீஸ் தேய்ப்பதும் வேண்டாம், கல்லுக்குக் கெடுதல். டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லோடு கிட்டத்தட்ட ஒட்டிப் பிடியுங்கள்.

நடுகல் எங்கும் ஓடப்போவதில்லை என்பது நமக்குப் பெரிய வசதி. மிச்சப் பணத்தில் ஒரு டிரைபாட் வாங்கி, ஐஎஸ்ஓ (ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற அளவு) 80, இரண்டு விநாடி டைமர், ஷட்டர் ஒரு விநாடி என்று வைத்தால் நிழலிலும் ஃபோட்டான் தாராளமாகச் சேரும். ரா ஃபைலாக, அதாவது கேமரா மென்பொருள் கைவைக்காத மூலப் பதிவாக எடுங்கள், வழிக்கிற வேலையை நீங்களே அளவாகச் செய்துகொள்ளலாம்.

கடையில் காசு கொடுக்கும் முன் வானத்தை எஃப்8இல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளி இருந்தால் சென்சாரில் தூசி, காம்பாக்டில் அதைத் துடைப்பது லேசில்லை. லென்ஸ் நாலைந்து தரம் திக்காமல் வெளியே வந்து உள்ளே போகிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உப்பியிருந்தால் விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள்.