அசைன்மென்டில் 96, தேர்வில் 38

"சார், ஃபைனலில் எவ்வளவு எடுத்தால் எனக்கு மொத்தம் 80 வரும்?"

போன வாரம் ஒரு மாணவர் வந்து இப்படிக் கேட்டார். நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜீப்ரா) நடத்துகிற எனக்கு ஒவ்வொரு பருவத்தின் கடைசியிலும் வருகிற கேள்விதான். ஆனால் இந்தப் பருவத்தில் இதைக் கேட்டவர்களில் அவர் ஏழாவது ஆள், ஏழு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே கதை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு அசைன்மென்ட் சராசரி 96. முதல் இடைத்தேர்வில் 38, இரண்டாவதில் 41. எங்கள் பாடத்தில் அசைன்மென்டுக்கு 20 சதவீதம், இடைத்தேர்வு ஒவ்வொன்றுக்கும் 20, இறுதித் தேர்வுக்கு 40. பெருக்கிக் கூட்டினால் 19.2, 7.6, 8.2. ஆக 35. இறுதித் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் 75-தான் வரும். 80-க்கு வழியே இல்லை. தேர்ச்சிக்கான 50-ஐத் தொடவே அவர் 37.5 எடுத்தாக வேண்டும். முகம் வாடிவிட்டது. "அசைன்மென்டில் அவ்வளவு இருக்கே சார்" என்றார்.

இந்தக் கணக்கு வேறொன்றுமில்லை, இரண்டு வெக்டர்களின், அதாவது எண் வரிசைகளின், புள்ளிப் பெருக்கல்: நேர் நேராகப் பெருக்கிக் கூட்டுவது. ஒரு வெக்டர் எடைகள், இன்னொன்று உங்கள் மதிப்பெண்கள். இரண்டாவது வாரத்தில் நடத்திய பாடம்! எடைகள் முதல் நாள் கொடுத்த தாளிலேயே இருக்கின்றன. முதல் இடைத்தேர்வு முடிந்த அன்றே இதைப் போட்டுப் பார்த்திருந்தால் அவர் என்னிடம் எட்டு வாரம் முன்னாலேயே வந்திருப்பார்.

என்னை உண்மையிலேயே வருத்துவது அந்த "அவ்வளவு இருக்கே" தான். அசைன்மென்ட் மதிப்பெண்ணை ஒரு சேமிப்பு மாதிரி நினைக்கிறார்கள். தேர்வில் விழுந்தால் அது தாங்கிப் பிடிக்கும் என்று நம்புகிறார்கள். இருபது சதவீதத்தால் அது முடியாது, முடியக்கூடாது என்றுதான் எடையைக் குறைவாக வைக்கிறோம். அசைன்மென்ட் என்பது தவறு செய்வதற்கான இடம். அங்கே கணக்கு தப்பாகப் போனால் உங்களுக்கு நஷ்டம் அரை மதிப்பெண், அவ்வளவுதான். அந்த மலிவான தவறை அங்கே செய்யாமல் தள்ளிப்போட்டால், அதே தவறு தேர்வில் பத்து மதிப்பெண்ணைக் கொண்டுபோகும்.

96 எப்படி வருகிறது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நான்கு தாள்களில் மூன்றாவது வரியில் -6 என்பது 6 ஆகியிருக்கும், அடுத்த வரியில் நான்கு பேருக்குமே அது தானாக -6 ஆகத் திரும்பியிருக்கும். திருத்துகிறவர்களின் கண்ணுக்கு முதலில் படுவதே இதுதான். நண்பரின் தாளோ, விடைக் கையேடோ, ஏஐ செயலியோ, எதைப் பார்த்து எழுதினாலும் நடப்பது ஒன்றுதான். எழுதி முடித்த தீர்வைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் சரியாகத் தெரியும், "புரிந்துவிட்டது" என்று தோன்றும். ஆனால் அணியில் (எண்களை அடுக்கிய கட்டத்தில்) எந்த நிரையிலிருந்து, அதாவது படுக்கை வரிசையிலிருந்து, எதைக் கழிப்பது, எப்போது நிறுத்துவது, இந்தக் கேள்விக்கு அணியைச் சுருக்கலாமா கூடாதா என்ற முடிவுகளை எல்லாம் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். தேர்வில் நாங்கள் கேட்பது அந்த முடிவுகளைத்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 2, 4. இந்த அணியின் ஐகன் மதிப்புகள் (அணியால் பெருக்கும்போது திசை மாறாத வெக்டர்கள் எத்தனை மடங்காகின்றன என்ற எண்கள்) என்ன? 0, 5. பாதி வகுப்பு என்ன செய்கிறது? முதலில் நிரைகளைக் கழித்துச் சுருக்கி ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுபோகிறது: முதல் நிரை 1, 2, இரண்டாம் நிரை 0, 0. அங்கிருந்து ஐகன் மதிப்புகள் 0, 1 என்று எழுதிவிடுகிறது. இப்படி நிரைகளை மாற்றும் நிரைச் செயல்கள் ஐகன் மதிப்புகளைக் காப்பாற்றாது. நிரல் வெளியையும் (நிரல்களை, அதாவது செங்குத்து வரிசைகளை, பெருக்கிக் கூட்டிக் கிடைக்கும் எல்லா வெக்டர்களையும்) காப்பாற்றாது: அசல் அணியின் நிரல் வெளி (1, 2) வழியாகப் போகும் கோடு, சுருக்கியதன் நிரல் வெளி (1, 0) வழியாகப் போகும் கோடு. நிரல் வெளியை உண்டாக்க எந்த நிரல்கள் வேண்டும் என்பதை மட்டும் சுருக்கிய அணி சொல்லும். நிரல்களை அசலிலிருந்துதான் எடுக்க வேண்டும். நேரியல் இயற்கணிதம் எழுதும் யாரும் ஒருமுறை இந்தக் குழியில் விழுவார்கள். அசைன்மென்டில் விழுந்தவர் தேர்வில் விழுவதில்லை. அதைப் பார்த்து எழுதியவருக்குக் குழி இருப்பதே தேர்வு அறையில்தான் தெரிகிறது.

சரி, மற்ற விதிகள். தாமதமாகத் தந்தால் ஏன் வாங்குவதில்லை என்று கோபப்படுகிறார்கள். கெடு முடிந்த மறுநாள் தீர்வுகளை வெளியிடுகிறோம், அதற்குப் பிறகு எப்படி வாங்குவது? இதற்காகத்தான் குறைந்த மதிப்பெண் உள்ள ஒரு அசைன்மென்டைக் கணக்கிலிருந்து விட்டுவிடுகிறோம். அது காய்ச்சலுக்கும் வீட்டு அவசரத்துக்கும் வைத்த இடம். மூன்றாவது வாரத்திலேயே சோம்பலுக்குச் செலவழித்துவிட்டு, பத்தாவது வாரத்தில் நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் வந்து நிற்காதீர்கள். எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.

வகுப்பே மோசமாக எழுதினால் எல்லோருக்கும் மதிப்பெண் ஏற்றுவார்கள் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. விதித்தாளில் அப்படி எழுதியிருந்தால் உண்டு. எழுதவில்லையா, இல்லை.

விடையை மட்டும் எழுதினால் ஏன் முழு மதிப்பெண் கிடைப்பதில்லை என்பதும் அடிக்கடி வரும் சண்டை. உண்மையில் இந்த விதி உங்கள் பக்கம் நிற்கிறது. மூன்று சமன்பாடுகளை நீக்கல் முறையில் தீர்க்கும்போது இரண்டாவது படியில் ஒரு குறி மாறினால் விடை மொத்தமும் மாறிவிடும். வழி எழுதியிருந்தால் அந்த ஒரு இடத்தில் ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டு, மீதியை உங்கள் தவறான எண்ணை வைத்தே தொடர்ந்து திருத்துகிறோம். வழி இல்லாத தப்பு விடைக்கு என்ன கொடுப்பது? கையெழுத்தைப் பார்த்துக் கொடுக்க முடியாது. கிடைத்த விடையை மூலச் சமன்பாடுகளில் திரும்பப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. திருத்தும் தாள்களில் இதைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

மறுமதிப்பீடு கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள். ஆனால் தாள் கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள், எந்தக் கேள்வி, எந்த வரி என்று எழுதிக் கேளுங்கள். "இன்னும் ரெண்டு மார்க் போட்டால் கிரேடு மாறும் சார்" என்பது காரணம் ஆகாது.

அப்புறம், தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். நண்பர்களோடு பேசுங்கள், கரும்பலகையில் சேர்ந்தே போட்டுப் பாருங்கள், அதில் தவறே இல்லை. பேசி முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தனியாக, வெற்றுத் தாளில் எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அந்த வரியை எடுத்துக்கொண்டு அறைக்கு வாருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலான வாரங்களில் யாரும் வருவதில்லை, இறுதித் தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் வராந்தா வரை வரிசை நிற்கிறது.

அந்த மாணவரை அனுப்பிவிடவில்லை. அவருடைய முதல் அசைன்மென்டையே எடுத்து, முதல் கணக்கை என் முன்னால் போடச் சொன்னேன். இரண்டாவது படியில் பேனா நின்றது. எட்டு வாரம் முன்னால் நின்றிருக்க வேண்டிய இடம். அங்கிருந்து ஆரம்பித்தோம். இறுதித் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.