டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இருக்கும்: ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் வேண்டுகோள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் கன்னியாகுமரி மாவட்டம் பேச்சிப்பாறை அணைப் பக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. வெளியூரிலிருந்து குடும்பமாக வந்தவர்கள். தண்ணீர் ஓரத்துப் பாறையில் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். "டிரைவர் சார், வாட்ஸ்அப்ல லொகேஷன் அனுப்பிட்டேன், சீக்கிரம் வாங்க" என்றார் மகன். அதோடு லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்'.

வந்த லொகேஷனை வைத்துக்கொண்டு போனோம். ரப்பர் தோட்டத்துக்குள் நுழைந்து, மண்பாதையில் இறங்கி, 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று மேப் சொன்ன இடத்தில் ஆளும் இல்லை, சத்தமும் இல்லை. முன்னால் நீர்த்தேக்கம். ரப்பர் பால்வெட்டு முடித்து வாளியோடு வந்துகொண்டிருந்த ஓர் அண்ணன்தான் சொன்னார்: "ஆளுவ கூப்பிடுது அக்கரையிலல்லா கேட்டுது. இதுவழியா வண்டி போவாது தம்பி, அந்தால கேட்டு பூட்டிக் கெடக்கு." கூப்பிடு தூரத்தில்தான் பெரியவர் கிடந்தார். ஆனால் வண்டியைப் பின்னால் எடுத்து, வந்த வழியெல்லாம் திரும்பி, சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. இடுப்பு எலும்பு முறிந்த மனிதர் அந்த ஐம்பது நிமிடமும் தூறலில் கிடந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த சீசனில் இப்படி நடப்பது ஐந்தாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன். 14 வருடமாக இந்த மாவட்டத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். தாமதமாகும் ட்ரிப்புகளில் சாலை நெரிசலை விட, இடம் தெரியாமல் சுற்றியதுதான் அதிகம்.

லொகேஷன் ஏன் தப்பாக வந்தது என்று அந்த மகனிடம் பிறகு கேட்டேன். "அங்க டவர் சரியா இல்லண்ணே. டவர் இல்லன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாதே" என்றார். படித்த பையன். இதே வார்த்தையை ஆசிரியர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன், போலீஸ்காரர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். எவ்வளவு சொன்னாலும் தீராத தவறான எண்ணம் இது. ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் வேண்டாம். சிம் கார்டு கூட வேண்டாம். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லும் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் போன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், தான் எங்கே இருக்கிறது என்று போனே கணக்குப் போட்டுவிடும். போனிலிருந்து மேலே எதுவும் போவதில்லை. நாகர்கோவில் வானொலியைக் கேட்க ரேடியோவுக்கு யாரும் ரீசார்ஜ் செய்வதில்லை அல்லவா, அதே மாதிரி. இன்னும் சந்தேகமிருந்தால் தூத்தூரிலோ வள்ளவிளையிலோ ஆழ்கடலுக்குப் போகும் மீனவர் யாரையாவது கேளுங்கள். வாரக்கணக்கில் கடலில் இருக்கிறார்கள். அங்கே எந்த டவர் இருக்கிறது? படகிலுள்ள ஜிபிஎஸ் கருவியைப் பார்த்துத்தான் போன இடத்துக்கே மறுபடியும் போகிறார்கள், பத்திரமாகக் கரைக்கும் வருகிறார்கள்.

அப்படியானால் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? இரண்டு காரணம். ஒன்று, இணையம் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் போன் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது, சில நொடிகளில் இடம் தெரிந்துவிடுகிறது. இணையம் இல்லாவிட்டால் அந்த விவரத்தையும் வானத்திலிருந்தே வாங்க வேண்டும். ஒரு நிமிடம், சில நேரம் மூன்று நான்கு நிமிடம் ஆகும். நம் ஆட்கள் பத்து விநாடி பார்த்துவிட்டு 'வேலை செய்யலை' என்று பையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, ஜிபிஎஸ் தருவது ஒரு புள்ளியை மட்டும்தான். அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்க வேண்டிய சாலை, ஆறு, ஊர்ப்பெயர் எல்லாம் மேப்பின் வேலை. முன்கூட்டி இறக்கி வைக்காவிட்டால் அது இணையத்திலிருந்து வர வேண்டும். வராதபோது சாம்பல் நிறக் கட்டத்தில் நீலப்புள்ளி மட்டும் நிற்கும். ஜிபிஎஸ் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். அது உயிரோடுதான் இருக்கிறது, மேப்தான் இல்லை.

இந்தப் பையன் அனுப்பிய லொகேஷன் ஏன் மறுகரையைக் காட்டியது? போனை எடுத்த உடனே, காத்திருக்காமல் அனுப்பிவிட்டார். செயற்கைக்கோள் பிடிபடாத நேரத்தில் போன், பக்கத்து டவரை வைத்து ஓர் ஊகம் சொல்லும். அந்த ஊகம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். நீலப்புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் தெரியுமே, அதைப் பாருங்கள். 'நீ இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறாய்' என்று போன் சொல்வது அது. வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பும் இடத்திலேயே எத்தனை மீட்டர் துல்லியம் என்று போட்டிருக்கும். 1,000 மீட்டர் என்று இருந்தால் அனுப்பாதீர்கள். வானம் தெரியும் வெளியில் வந்து நில்லுங்கள். ரப்பர் மரத்துக்குக் கீழே, பாறை இடுக்கில், ஓட்டு வீட்டுக்குள் நின்றால் சரிவராது. வட்டம் சுருங்கி 20 மீட்டருக்குள் வரட்டும், அப்புறம் அனுப்புங்கள். போன் அமைப்பில் 'துல்லியமான இடம்' என்ற அனுமதி அணைந்திருந்தால் எவ்வளவு நேரம் நின்றாலும் வட்டம் சுருங்காது. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, எந்த மேப்? இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் போனில் மூன்று வைத்திருக்கிறேன்.

ஊருக்குள் கூகுள் மேப்ஸ்தான். கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எதைத் தேடினாலும் கிடைக்கிறது. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் எங்கே நெரிசல் என்று சிவப்புக் கோடு போட்டுச் சொல்லிவிடுகிறது. ஆஃப்லைனிலும், அதாவது இணையம் இல்லாமலும் பயன்படும், ஆனால் நாமே கட்டம் போட்டு இறக்க வேண்டும். இறக்கியதைப் புதுப்பிக்காமல் விட்டால் காலாவதியாகிவிடும். இணையம் இல்லாதபோது வாகனத்துக்கு மட்டும்தான் வழி சொல்லும், நடந்து போக வழி சொல்லாது. நெரிசல் தெரியாது, மாற்று வழியும் காட்டாது. ஆகவே அப்போது அது சொல்லும் நேரத்தை நம்பி ரயிலுக்குப் புறப்படாதீர்கள்.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ், இல்லையென்றால் ஓஎஸ்எம்ஆண்ட். இரண்டுமே ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் ஓடுகின்றன. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம் அது, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்து வரைந்து வளர்த்தது. மாநிலவாரியாக முழு மேப்பையும் போனில் இறக்கிக்கொள்ளலாம். தேடுவது, வழி போடுவது எல்லாம் போனுக்குள்ளேயே நடக்கும், நடைபாதைக்கும் வழி சொல்லும். கூகுளில் இல்லாத ஒற்றையடிப் பாதைகளை இதில் பார்த்திருக்கிறேன். ஓஎஸ்எம்ஆண்டில் நாம் நடக்கும் பாதையைப் பதிவு செய்து வைக்கலாம், திரும்பி வரும்போது அதே கோட்டைப் பிடித்து வந்துவிடலாம். ஆனால் பழகக் கொஞ்சம் நாள் ஆகும். புதியவர்களுக்கு ஆர்கானிக் மேப்ஸ் எளிது. குறையும் இருக்கிறது. கடை, வீட்டுப்பெயர் எல்லாம் மிகக் குறைவு. யாரும் வரையாத பகுதி வெறுமையாகவே இருக்கும். தப்பு இருந்தால் நாமே திருத்தலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. பூட்டிக் கிடந்த அந்தத் தோட்டத்து கேட்டை அன்றிரவே சேர்த்துவிட்டேன்.

மூன்றாவது மேப்பிள்ஸ். மேப்மைஇந்தியா என்ற நம் நாட்டு நிறுவனத்துடையது. வேகத்தடைக்கு முன்கூட்டியே எச்சரிக்கும். முதுகெலும்பில் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த எச்சரிக்கையின் அருமை தெரியும். ஐபோன்காரர்களுக்கு 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் ஆப்பிள் மேப்ஸிலேயே இறக்கி வைக்கும் வசதி உண்டு.

நம் மாவட்டத்துக்காரர்கள் இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டை மட்டும் இறக்கிவிட்டு, அவசரத்துக்கு நோயாளியைத் திருவனந்தபுரம் கொண்டுபோகும்போது எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டியதும் மேப் வெறுமையாகி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கேரளத்தையும் சேர்த்து இறக்குங்கள்.

எந்த மேப்பானாலும் நம் ஊரில் சில இடங்களில் ஏமாற்றும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறுவதா, கீழே போவதா என்பதில் ஜிபிஎஸ் குழம்பும். மேலேயும் கீழேயும் ஒரே புள்ளிதானே. கீழேயுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் பாலத்தில் ஏறிவிட்டால் அந்தக் கோடி வரை போய்த்தான் திரும்ப வேண்டும். பார்வதிபுரம் மேம்பாலத்திலும் இதே கதை. சானல்கரை (கால்வாய்க் கரை) ரோடுகளையும் மேப் சாதாரண சாலையாக நினைத்துக் குறுக்குவழி காட்டும். எதிரே ஒரு வண்டி வந்தால் ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும். ராத்திரி நேரத்தில், அதுவும் மழையில், ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் கரையில் புதியவர்கள் தயவுசெய்து போகாதீர்கள். பத்து நிமிடம் கூடினாலும் பெரிய ரோடே போதும்.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். கொல்லங்கோடு என்று தட்டினால் பாலக்காட்டுக் கொல்லங்கோடும் வரும். 'கன்னியாகுமரி' என்று மட்டும் போட்டால் மேப் முக்கடல் கூடும் ஊருக்குக் கொண்டுபோய்விடும். குலசேகரத்தில் இருப்பவர் 'கன்னியாகுமரியில் இருக்கேன்' என்று சொல்வதால் மாவட்டத்தின் அடுத்த கோடிக்கு வண்டி போன நாள் உண்டு.

டவர் ஊசலாடும் இடத்தில், நாம் நகர நகர இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும் லைவ் லொகேஷனை நம்பாதீர்கள். அது ஓட இணையம் தொடர்ந்து இருக்க வேண்டும். இணையம் வராத இடத்திலும் பல நேரம் சாதாரண எஸ்எம்எஸ் போய்விடும். மேப்பில் நீலப்புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் வரும். அதை அப்படியே எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள், முடியாவிட்டால் போனில் வாசித்துச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் முதல் எண் 8 என்றும் இரண்டாவது 77 என்றும்தான் தொடங்கும். வேறு மாதிரி இருந்தால் எங்கோ தப்பு. தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் வேண்டும், அது சுமார் 11 மீட்டர் துல்லியம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போகும். படகுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: உங்கள் கருவி பெரும்பாலும் டிகிரி, நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி) என்று காட்டும். 8 டிகிரி 22.5 நிமிடம் என்பது 8.375, அதை 8.225 என்று சொல்லிவிட்டால் பதினாறு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். டிகிரி எவ்வளவு, நிமிடம் எவ்வளவு என்று பிரித்தே சொல்லுங்கள்.

அப்புறம், லொகேஷன் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆற்றின் எந்தக் கரை, பக்கத்தில் குருசடியா (சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடம்), கோயிலா, எந்த எஸ்டேட் கேட் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். கூட இருப்பவரில் ஒருவரைத் தார் ரோட்டுக்கு அனுப்பி நிற்க வையுங்கள். அப்படி ஓர் ஆள் கைகாட்டினால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

'நாங்கள் மலைக்குப் போவதில்லை, எங்களுக்கு எதற்கு' என்பவர்கள் 2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்கி புயல் அடித்த அன்று மரங்கள் விழுந்து சாலை அடைபட்டது, மின்சாரம் போனது, போனும் கிடைக்கவில்லை. நாகர்கோவில் நகரத்துக்குள்ளேயே மாற்றுவழி தெரியாமல் நின்ற வண்டிகள் உண்டு.

இன்று ராத்திரி வீட்டில் வைஃபை இருக்கும்போதே இரண்டு மாநில மேப்பையும் இறக்குங்கள். வீட்டில் அம்மா அப்பா போனிலும் இறக்கிக் கொடுங்கள். பிறகு போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு முற்றத்துக்கு வாருங்கள். இருக்கும் இடத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி கேளுங்கள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை கோடு முழுசாக வந்தால் சரி. பாதியில் நின்றால் இறக்கியது போதவில்லை, உள்ளே போய் மறுபடியும் இறக்குங்கள்.